கன்றுக்குக் காசு உண்டு, வாய்க்காலுக்கு இல்லை

அலையாத்திக் காட்டை மீட்க வரும் பணம் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறது: எத்தனை கன்று நட்டீர்கள்? நட்ட இடத்தில் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிறதா, வெட்டிய வாய்க்கால் தூர்ந்துவிட்டதா, மூன்றாவது கோடையில் சேற்றில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதெல்லாம் விண்ணப்பப் படிவத்தில் இடம்பெறுவது அபூர்வம். நம் கடற்கரையில் அலையாத்தி பிழைப்பதையும் பட்டுப்போவதையும் முடிவு செய்பவை இவைதான். நிதி போதவில்லை என்பது உண்மை. ஆனால் வருகிற நிதியும் காட்டுக்குத் தேவையான இடத்தில், தேவையான மாதத்தில், தேவையான ஆண்டில் வருவதில்லை. பெரிய சிக்கல் அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள, அந்தக் காடுகள் ஏன் அழிந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிச்சாவரம், முத்துப்பேட்டை இரண்டிலும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-களின் தொடக்கம் வரை காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, முறை வைத்து அடியோடு வெட்டினார்கள். வெட்டிய கூறில் காடு தானாகவே மறுபடி முளைத்துவிடும் என்பது அன்றைய கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேரடியாகச் சேற்றில் விழுந்தது. சேற்றின் ஈரம் ஆவியாக, தரை அமுங்கித் தாழ்ந்து, நடுவில் தாம்பாளம் போல் குழிந்தது. கடல் ஏறும்போது அந்தக் குழிக்குள் வந்த தண்ணீர், வற்றும்போது வெளியேறவில்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் காயக் காய உப்பு மட்டும் மிஞ்சியது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறி, கடல் தண்ணீரையே தாங்கி வளரும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் விதைகூட அங்கே ஊன்ற முடியாமல் போனது. ஆடு மாடு மேய்ந்ததாலும் ஊரார் விறகு வெட்டியதாலும்தான் காடு அழிந்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மேய்ச்சலால் சேதம் உண்டு. ஆனால் மூல காரணம் தண்ணீர் ஓட்டம் நின்றதுதான்.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து கையாண்ட வழி, நடுவதற்கு முன் வெட்டுவது. மரத்தை அல்ல, வாய்க்காலை. இயற்கையான கழியிலிருந்து (கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடையிலிருந்து) சுமார் 45 பாகை சாய்வில் முதன்மை வாய்க்கால் கிளம்பும். அதிலிருந்து இரு பக்கமும் 30 பாகை சாய்வில் கிளை வாய்க்கால்கள் பிரியும். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போலிருக்கும் என்பதால் மீன்முள் வாய்க்கால் என்று பெயர். வாய்க்காலின் குறுக்குவெட்டு மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். கரையைச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரிந்து மூடிவிடும். சரிந்த அந்தக் கரையின் நடு மட்டத்தில்தான் விதை ஊன்றுவார்கள்: கடல் ஏறும்போது இளங்கன்று பாதி நனைய வேண்டும், முழுவதும் மூழ்கக் கூடாது. இதைக் கொஞ்சம் தவறவிட்டாலும் போச்சு. மேலே நட்டால் கோடையில் காயும், அடியில் நட்டால் அழுகும்.

பிச்சாவரத்தில் 1986-க்கும் 2002-க்கும் இடையில் காட்டின் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இதற்கு 1996 முதல் பல ஆண்டுகள் இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியம் பணம் கொடுத்தது. அந்தப் பணம் வெறும் நடவுக்கு மட்டும் வரவில்லை. ஊர்க் குழுக்களை அமைப்பது, குழுவும் வனத்துறையும் சேர்ந்து காட்டை நிர்வகிப்பது, மாற்று வருமானம் தேடுவது என எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தது. பல ஆண்டுகளுக்கு உறுதி சொல்லப்பட்ட பணமாகவும் இருந்தது. அப்படிப்பட்ட பணம் இன்று கிடைப்பது அரிது.

வாய்க்கால் கணக்கு

வெட்டிய வாய்க்கால் அப்படியே இருந்துவிடாது. சோழமண்டலக் கடற்கரையிலும் பாக் நீரிணையிலும் கடலின் ஏற்ற வற்றம் குறைவு; ஒரு மீட்டரைத் தொடுவதே பெரிது. சுந்தரவனத்தில் கடல் பல மீட்டர் ஏறி இறங்குவதால் அங்கே ஒரு சாண் வண்டல் படிந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். இங்கே ஒரு சாண் வண்டல் என்றால் பாதிக் கதவை அடைத்தது போல. காவிரியின் கிளைகள் கொண்டுவரும் வண்டல், மழையில் கரையும் கரை, மிதந்து வரும் குப்பை, எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் கிளை வாய்க்கால்களின் வாயை மூடிவிடும். தூர் வாராவிட்டால் பழையபடி தண்ணீர் தேங்கும், உப்பு ஏறும், அரைகுறையாக வளர்ந்த கன்றும் பட்டுப்போகும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேல் அகலம் 2 மீட்டர், அடி அகலம் 1 மீட்டர், ஆழம் 75 சென்டிமீட்டர் கொண்ட வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 1,125 கன மீட்டர் மண் எடுக்க வேண்டும். ஈரக் களியில் ஓர் ஆள் ஒரு நாளில் 2 கன மீட்டர் எடுத்தால் 563 ஆள்நாள். கூலி 500 ரூபாய் என்றால் 2,81,500 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தூர்ந்துபோகிறது என்று கொண்டால், ஒவ்வொரு தூர் வாரலுக்கும் 375 கன மீட்டர், 188 ஆள்நாள், 94,000 ரூபாய். முதலாம் ஆண்டில் வெட்டி, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் ஆண்டுகளில் தூர் வாரினால் மொத்தம் 3,76,000 ரூபாய். அதாவது பத்தாண்டில் பராமரிப்புச் செலவு, வெட்டிய செலவை விஞ்சிவிடுகிறது. இடத்துக்கு இடம் மண்ணும் கூலியும் மாறும். விகிதம் அநேகமாக இந்தப் பக்கம்தான் சாயும்.

இப்போது ஒரு வழக்கமான திட்ட முன்மொழிவைப் புரட்டினால் முதலாம் ஆண்டில் பெரிய தொகை, இரண்டாம் ஆண்டில் பாதி, மூன்றாம் ஆண்டில் கொஞ்சம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. முதல் தூர் வாரல் தேவைப்படும்போது பணம் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

கன்று எண்ணிக்கையை அளவுகோலாக வைப்பதில் இன்னொரு கேடும் இருக்கிறது. பட்டுப்போன கன்றுகளுக்குப் பதில் ஒவ்வோர் ஆண்டும் மாற்று நடவு செய்வார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் யாராவது வந்து எண்ணினால் வயலில் கன்று இருக்கும். அது ஆறு மாதக் கன்று என்பது கணக்கில் வராது. எண்ணும்போது நட்ட மாதத்தைக் குறித்து வைக்கச் சொன்னாலே இந்த மறைப்பு பாதி குறையும்.

இலங்கையில் இதற்கு நல்ல சான்று கிடைத்தது. 23 இடங்களில் செய்த கண்டல் (அலையாத்தி) நடவை மதிப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வு, ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்று கண்டது. 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேர்தான் தேறியது. சுனாமிக்குப் பிறகு நிதி குவிந்த காலம் அது. பணப் பற்றாக்குறை அங்கே காரணமாக இல்லை. தரை மட்டமும் நீரோட்டமும் பொருந்தாத இடங்களில் நட்டது, நட்ட பின் கவனிக்க ஆள் இல்லாதது ஆகியவையே முதன்மைக் காரணங்கள். எளிதாகக் கிடைக்கிறது, நீளமான நாற்று, சேற்றில் குத்தினால் நிற்கும் என்பதற்காக இடம் பாராமல் சுரபுன்னை இனத்தையே நட்டதும் உண்டு. படம் எடுக்க வசதியான மரம் அது. உப்பு மிகுந்த முத்துப்பேட்டை மண்ணில் வெண்கண்டல்தான் பெரும்பான்மை. அங்கே கொண்டுபோய்ச் சுரபுன்னையை வரிசை கட்டி நடுவது பணத்தைச் சேற்றில் புதைப்பதுதான்.

எந்தப் பணம், எந்தக் கட்டோடு

இந்தியாவில் கடற்கரைக் காட்டுக்கு வரும் பெரிய தொகை அரசு வழியாகத்தான். காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பவர்கள் கட்டும் ஈட்டுத்தொகைதான் காம்பா நிதி. 2016-இன் சட்டப்படி அதில் 90 சதவீதம் மாநிலங்களுக்கு. 2019 ஆகஸ்டில் மட்டும் 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய மிஷ்டி திட்டம், ஒன்பது கடலோர மாநிலங்களிலும் நான்கு ஒன்றியப் பகுதிகளிலும் ஐந்தாண்டில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காட்டை வளர்க்கவோ மீட்கவோ வேண்டும் என்று இலக்கு வைத்தது. இதற்கும் காம்பா, ஊரக வேலைத் திட்டம் போன்றவற்றின் பணத்தை ஒன்றிணைத்துப் பயன்படுத்துவதுதான் ஏற்பாடு. தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு 1,675 கோடி ரூபாய் மதிப்பில் கடலோர மீட்பு இயக்கம் வந்திருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் பணம் துறைக்கு வரும். துறையிலிருந்து வேலையாக ஊருக்கு வரும். ஊர்க் குழுவுக்குக் கூலி கிடைக்கும், முடிவெடுக்கும் உரிமை கிடைப்பது அந்தந்த வனச்சரகரின் மனதைப் பொறுத்தது. 2021-ஆம் ஆண்டின் நாட்டுக் காட்டு நிலை அறிக்கைப்படி தமிழ்நாட்டில் இருக்கும் அலையாத்திக் காடே சுமார் 45 சதுர கிலோமீட்டர்தான். இவ்வளவு சிறிய பரப்பில் எந்தக் கழி எந்த மாதம் அடைபடும் என்று வலை வீசுகிறவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்குச் செலவுத் தலைப்பு எதுவும் இல்லை.

இரண்டாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சி.எஸ்.ஆர்). 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் இயற்கை வளப் பாதுகாப்பும் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. ஆனால் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்றும் அதே பிரிவு சொல்கிறது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முத்துப்பேட்டைக் கழியோரம் அப்படி எதுவும் இல்லை. காடு எங்கே இருக்கிறதோ அங்கே நிறுவனம் இருப்பதில்லை.

இந்த நிதியைப் பெறும் அமைப்பு அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ லாப நோக்கமற்ற நிறுவனமாகவோ பதிவாகியிருக்க வேண்டும். வருமான வரித்துறையில் அறப்பணி அமைப்புக்கான பதிவும் நன்கொடை வரிச்சலுகைக்கான பதிவும் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12ஏ, 80ஜி) வேண்டும். அதே வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் நிரப்பிப் பதிவு எண்ணும் பெற வேண்டும். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்திடமோ அலையாத்திக் குழுவிடமோ இவற்றில் ஒன்றும் இருக்காது. எனவே நகரத்துத் தொண்டு நிறுவனம் நடுவில் வருகிறது. நல்ல நிறுவனமாக அமைந்தால் நல்லது. ஆனாலும் நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதுபவர் கையில்தான் திட்டத்தின் தலையெழுத்து இருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. நிறுவனத்தின் இயக்குநர் குழு முதலிலேயே ஒரு பணியைத் 'தொடர் திட்டம்' என்று அங்கீகரித்துவிட்டால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை அதை நடத்தலாம். அந்த ஆண்டில் செலவாகாத தொகையை, நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்தால் போதும். அப்படி அங்கீகரிக்காத பணியில் மிஞ்சிய தொகை அரசு குறித்த நிதிகளுக்குப் போய்விடும். அதனால்தான் மார்ச் மாதத்தில் அவசர அவசரமாக நடவு விழாக்கள் நடக்கின்றன.

மார்ச் மாதம் அலையாத்திக்குப் பொல்லாத மாதம். வடகிழக்குப் பருவமழை சேற்றைக் கழுவி உப்பைக் குறைக்கும். வெண்கண்டல் விதைகளும் அந்த மழையை ஒட்டித்தான் முற்றி உதிர்கின்றன. முறையாகச் செய்வதென்றால் கோடையில் வாய்க்கால் வெட்டி முடிக்க வேண்டும், வெட்டிய மண்ணைக் கரையோரம் அணை போலக் குவிக்காமல் பரப்பிவிட வேண்டும், கடல் ஏற்றமும் ஒரு மழையும் கழுவிய பிறகு ஊன்ற வேண்டும். ஆக, பணம் ஏப்ரலிலேயே கையில் இருக்க வேண்டும். ஒப்புதல் வருவதோ பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில். சேற்றில் இறங்கி வெட்ட முடியாத மழைக்காலத்தில் முதல் தவணை வரும். மழை முடிந்து உப்பு ஏறத் தொடங்கும்போது வேலை நடக்கும். மார்ச் 31-க்குள், பணம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகும். மே மாதம் கன்று காயும். இதில் யாரும் ஒரு ரூபாய்கூடத் தவறாக எடுத்திருக்க மாட்டார்கள். கணக்கு நேராக இருக்கும், காடு இருக்காது.

வெளிநாட்டு நிதியில் வேறு வகைத் தடை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. முன்பு பெரிய அமைப்பு ஒன்று பணத்தைப் பெற்று, கழியோரத்தில் இருக்கும் பத்துச் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. அந்த வழி அடைபட்டது. சிறு குழு தானே பதிவு செய்யலாம் என்றால், மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் சொந்தமாகச் செலவு செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஐக்கிய நாடுகள் அமைப்புகளிடமிருந்து வரும் பணத்தை இந்தச் சட்டம் வெளிநாட்டு மூலமாகக் கருதுவதில்லை. ஐ.நா. அமைப்பின் வழியாக 1992 முதல் நடக்கும் உலகச் சுற்றுச்சூழல் வசதியத்தின் (GEF) சிறு மானியத் திட்டம் ஊர்க் குழுக்களுக்கு ஏற்றதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மானியம் அதிகபட்சம் 50,000 டாலர் என்று நெடுங்காலம் இருந்த அளவும் நம் குழுக்களின் கைக்கு அடங்குவது. பெருந்தொகை வந்தால் சிறிய குழு அதைச் செலவழிக்கத் திணறி, கடைசியில் இயந்திரம் வைத்து வெட்டி, உள்ளூர்க் கூலியும் போய், கழியும் கெட்டுவிடும்.

பணம் கேட்பதற்கு முன்

எந்த நிதியை நாடினாலும் முதல் வேலை நிலத்தின் நிலையை அறிவது. புல எண்ணையும் அ-பதிவேட்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, இடம் காப்புக் காடா, வருவாய்த் துறைப் புறம்போக்கா, பட்டாவா என்று உறுதி செய்ய வேண்டும். காப்புக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டி மண் எடுத்தாலும் குற்றம். புறம்போக்கில் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் தேவை. அலையாத்திக் காடு கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மிக உயர்ந்த காப்புள்ள 1-அ வகையில் வருகிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைப்பகுதியும் 2019 அறிவிக்கையில் உண்டு. அனுமதி கைக்கு வருமுன் பணத்தைப் பெற்றுக்கொண்டால், அனுமதிக்காகக் காத்திருக்கும் காலமெல்லாம் நிதியாண்டைத் தின்றுவிடும். அனுமதிக்கு விண்ணப்பித்த நகலையாவது முன்மொழிவோடு இணைத்து, முதல் தவணை அனுமதிக்குப் பிறகு என்று எழுதிக்கொள்வது நல்லது.

அடுத்து, ஓர் ஆண்டாவது தண்ணீரைப் பார்க்க வேண்டும். அளவுகோல் குறித்த ஒரு மூங்கிலைக் கழியில் நட்டு, அமாவாசை, பௌர்ணமி ஏற்றங்களில் தண்ணீர் எங்கே வரை வருகிறது என்று பதிவு செய்யலாம். கையில் பிடித்துப் பார்க்கும் உப்பு அளவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். சேற்றில் குழி தோண்டி ஊறும் தண்ணீர் அதைப் போல இரண்டு மடங்கு காட்டினால் அங்கே கன்று நடுவதைப் பற்றிப் பேசுவதே வீண். இந்த ஓராண்டுப் பதிவுக்கு ஆகும் செலவு அற்பம். ஆனால் இதற்கென்று யாரும் பணம் தருவதில்லை என்பதால், நடவுக்கான முன்மொழிவிலேயே 'நில ஆய்வு' என்ற தலைப்பில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வரவுசெலவுத் திட்டத்தில் நான்கு செலவுகள் தவறாமல் விடுபடுகின்றன: தூர் வாருதல், ஆடு மாடு நுழையாமல் முதல் மூன்று ஆண்டுகள் பார்க்கும் காவலாள், கன்றைச் சுற்றும் நெகிழியையும் பழைய வலைத்துண்டுகளையும் பாசியையும் மாதம் ஒருமுறை நீக்கும் கூலி, கணக்கு எழுதுபவருக்கும் தணிக்கையாளருக்கும் தரும் கட்டணம். கடைசியானதை நிர்வாகச் செலவு என்று வெட்டிவிடுவார்கள். கணக்கு எழுத ஆளில்லாத குழுவுக்கு இரண்டாம் தவணை வராது. பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதம், அதனால் தவணை தாமதம், அதனால் ஊர்க்காரர்களுக்குக் கூலிப் பாக்கி, அதனால் அடுத்த முறை கூப்பிட்டால் யாரும் வராத நிலை. பல குழுக்கள் கலைந்தது இப்படித்தான். கடைசித் தவணையை அறிக்கைக்குப் பிறகே தருவோம் என்று ஒப்பந்தம் சொன்னால், அந்தத் தொகைக்கு ஊர் வட்டிக்கு வாங்க வேண்டிவரும். இறுதித் தவணை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படகோ இயந்திரமோ வாங்கினால் யார் பெயரில் வாங்குவது என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சமூகப் பொறுப்பு நிதியில் உருவாகும் சொத்து, பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயரில் இருக்கக் கூடாது. பதிவுபெற்ற அறக்கட்டளை, சங்கம் அல்லது லாப நோக்கமற்ற நிறுவனம், பயனாளிகளின் சுய உதவிக் குழு அல்லது கூட்டமைப்பு, பொது அதிகார அமைப்பு ஆகியவற்றில் ஒன்றின் பெயரில்தான் இருக்கலாம். இதைச் சொல்லி ஊரின் மகளிர் குழு பெயரிலேயே எழுதி வாங்க முடியும். பெரும்பாலும் கேட்பதில்லை, அதனால் நடு அமைப்பின் பெயருக்குப் போய்விடுகிறது.

திட்டம் முடிந்த பிறகு

மேலே போட்ட கணக்கில் ஒரு கிலோமீட்டர் வாய்க்காலுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 47,000 ரூபாய் தூர் வாரத் தேவை. 7 சதவீத வட்டியில் சுமார் 6,70,000 ரூபாய் வைப்புத்தொகை இருந்தால் அது கிடைத்துவிடும். அப்படியொரு மூலதன நிதியைக் கட்டுவதுதான் அறிவுள்ள வழி என்று தோன்றும். ஆனால் 2021 ஜனவரிக்குப் பிறகு சமூகப் பொறுப்பு நிதியை எந்த அமைப்பின் மூலதன நிதிக்கும் தர முடியாது. அரசுத் திட்டப் பணத்தையும் வைப்பில் போட முடியாது. பெரும்பாலும் தனி நபர் நன்கொடையில்தான் அது சாத்தியம், அதுவும் மூலதனத்துக்கே என்று நன்கொடையாளர் எழுத்தில் கொடுக்க வேண்டும். சாதாரண நன்கொடை என்றால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவிட வேண்டும். இன்ன காரணத்துக்காகச் சேர்த்து வைக்கிறோம் என்று வருமான வரித்துறைக்கு உரிய நேரத்தில் தெரிவித்தால் ஐந்து ஆண்டு வரை வைத்திருக்கலாம். தூர் வாரலுக்கு இந்த ஐந்தாண்டு வழி கச்சிதமாகப் பொருந்தும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் கோயில் திருப்பணிக்குப் பணம் அனுப்புகிறார்கள். அதே ஊரைக் காக்கும் காட்டின் வாய்க்காலுக்கும் கேட்கலாம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது என்பதையும் அறிந்துவைப்பது நல்லது.

காடே வருமானம் தரட்டும் என்ற வழிக்குக் கென்யாவின் காஸி (Gazi) விரிகுடா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மிகோகோ பமோஜா என்ற ஊர்த் திட்டம் 2013-இல் தொடங்கி, 117 ஹெக்டேர் அலையாத்தியைக் காத்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கரியமிலவாயு அளவுக்குக் கரிம வரவுகளை (இவ்வளவு கரியமிலவாயுவைக் காடு தடுத்தது என்று காட்டி விற்கும் சான்றுகளை) விற்கிறது. தொடக்க ஆண்டுகளில் கிடைத்த வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 முதல் 15,000 டாலர். குடிநீருக்கும் பள்ளிப் புத்தகங்களுக்கும் எவ்வளவு என்று ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்கிறது. விறகுத் தேவைக்குச் சவுக்குத் தோப்பும் வளர்க்கிறார்கள். வரவுகளுக்குச் சான்று தரும் பிளான் விவோ நெறிமுறை, விற்பனைப் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் ஊருக்குப் போக வேண்டும் என்கிறது.

அங்கேயும் காடு அரசுடையதே. ஆனால் ஊர்ச் சங்கத்துக்கும் வனத்துறைக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது. அதன் மேல்தான் கரிம வரவு நிற்கிறது. நம் ஊர்க் குழுக்களிடம் பெரும்பாலும் அப்படி ஒரு தாள் இல்லை. கரிமம் பற்றிப் பேச வரும் தரகரிடம் ஊர் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஒப்பந்தத்தின் பேரில் எங்களுக்குப் பங்கு என்பதைத்தான். அளவும் கருதத்தக்கது: 117 ஹெக்டேருக்கே இவ்வளவுதான் என்றால், 20 ஹெக்டேர் மீட்ட ஊருக்குச் சரிபார்ப்புக் கட்டணம் போக ஒன்றும் மிஞ்சாது. பல ஊர்கள் சேர்ந்தால்தான் இது கட்டுபடியாகும்.

இலங்கையில் 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பும் உள்ளூர் அமைப்பான சுதீசவும் அரசும் சேர்ந்து வேறு வழி பிடித்தன. 1,500 ஊர்ச் சமூகங்களில் சுமார் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, அதற்கு ஈடாக அந்த ஊர் தன் கண்டல் காட்டைக் காக்க வேண்டும் என்று ஏற்பாடு. மன்னார் வளைகுடாவிலும் உலகச் சுற்றுச்சூழல் வசதியத்தின் பணத்தில் ஊர்க் குழுக்களுக்குச் சுழல்நிதி தரப்பட்டது. கடன் திரும்பி வந்து மறுபடி சுழல்வதால் திட்டம் முடிந்தும் பணம் ஊரில் இருக்கும். இதன் பலவீனம், கடன் வட்டியில் ஒரு பங்கைக் காட்டு வேலைக்கு என்று முதலிலேயே ஒதுக்காவிட்டால் அது வெறும் கடன் சங்கமாக மாறிவிடும் என்பது.

முத்துப்பேட்டையில் இவற்றுக்கெல்லாம் முந்திய ஓர் ஏற்பாடு உண்டு. காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, கடல் ஏறும்போது உள்ளே வரும் மீனையும் இறாலையும் பிடிப்பது அங்கே பழைய தொழில். மீன் வர வேண்டும் என்பதற்காக அந்த வாய்க்கால்களை ஊரார் தாங்களே தூர் வாரி வைக்கிறார்கள். அதே தண்ணீரில் விதை உள்ளே போய், வாய்க்கால் கரையோரம் வெண்கண்டல் தானாக எழும்புகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் காட்டைப் பெரிதும் சிதைத்தது. சாய்ந்த மரங்கள் கழிகளை அடைத்த இடங்களில் முதல் தேவை வழி திறப்பதாக இருந்தது, நடவு அதற்குப் பிறகுதான். மீட்பு வாய்க்கால்களில் ஒரு பகுதியை இந்த மீன்பிடி வாய்க்கால்களோடு இணைத்து, இன்ன ஆழத்துக்குத் தூர் வார வேண்டும், வலையின் கண் இவ்வளவு இருக்க வேண்டும், கரையோரக் கன்றைத் தொடக் கூடாது என்ற நிபந்தனைகளோடு குழுக்களிடம் எழுதி ஒப்படைத்தால், ஆண்டுக்கு 47,000 ரூபாயில் கணிசமான பங்கை மீனே கட்டிவிடும். மீதிக்கு மட்டும் நிதி தேடினால் போதும்.